துணி முடிச்சில் பதினான்கு நாள்

2020 ஏப்ரல் 6, திங்கள்

பிறப்பையும் இறப்பையும் உன் கைவசம் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள சில நாள்களை மட்டும் எங்களிடம் அமானிதமாக, காத்துத் திருப்பித்தர வேண்டிய பொருளாகத் தந்த இறைவா, புகழனைத்தும் உனக்கே. இந்த ஏட்டில் என் கை உண்மையையே எழுதட்டும். அது கசந்தாலும் எழுதட்டும்.

ஓஷ் நகரம் அடைபட்டு இரண்டு வாரமாகிறது. நான் வெள்ளிதோறும் உரையாற்றும் பள்ளிவாசலில் பூட்டு. எங்கள் குடியிருப்பான மஹல்லாவின் தலைவர் தோலிப்ஜான் எழுதித் தரும் சீட்டுடன் வீட்டுக்கு ஒருவர் மட்டுமே காவல் சாவடியைக் கடக்கலாம். சீட்டில் காரணம் எழுதவேண்டும்.

மருமகள் முகத்தஸின் மருந்து நான்கு நாளைக்கே இருக்கிறது. அது எச்ஐவிக்கான மருந்து என்பதை இத்தெருவில் எவரும் அறியார். மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போன என் மகன் இல்ஹோம், அந்தக் கிருமியோடு திரும்பி இறந்து நான்காண்டு ஆயிற்று. நுரையீரல் நோய் என்று ஊருக்குச் சொன்னோம். பாதி உண்மை. அவன் அவளுக்கு விட்டுச்சென்றவை இரண்டு: அந்தக் கிருமி, மகள் ஒய்தின். குழந்தைக்கு நோயில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

என்ன காரணம் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தேன். தோலிப்ஜான் என்னை வாய் திறக்கவே விடவில்லை.

"உஸ்தாத், உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எழுதிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறீங்க."

"தெரிகிறதே, தம்பி."

"தெரியட்டுமே. சாவடியில மட்டும் கொஞ்சம் தடுமாறி நடங்க, இல்லன்னா என் மானம் போயிடும். பொய் சொன்ன பாவம் எனக்கு, மருந்து உங்களுக்கு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எந்த மருந்து என்று கேட்கவில்லை என்பது வீடு வந்தபிறகே உறைத்தது.

ஏப்ரல் 7

மருத்துவ மையத்தின் வாசலில் இப்போது கொரோனா வண்டிகள். மருத்துவர்களையெல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள். செவிலி குல்பாரா பின்கதவால் வந்து மூன்று மாத மருந்தைத் தந்தாள்.

"பெரியவரே, முதல் மருந்து உங்க மருமக உடம்புல ஏற்கனவே வேலை செய்யாமப் போச்சு. இது ரெண்டாவது. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒரு வேளைகூட விடக்கூடாது. இதுவும் போச்சுன்னா எங்ககிட்ட வேற இல்ல."

முதல் மருந்து ஏன் பலனற்றுப் போனது என்பதை நான் அறிவேன். இல்ஹோம் இறந்ததும், விதவை வீட்டோடு அடைந்திருக்கும் இத்தாவில் அவளை இருக்கச் சொன்னவன் நான். நான்கு மாதம் பத்து நாள் அவள் மருந்து வாங்கவும் வாசற்படி தாண்டவில்லை. அவளுக்கும் அந்தக் கிருமி உண்டென்று எனக்கு அப்போது தெரியாது, அவளும் சொல்லவில்லை. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த வாய் இது.

மருந்துப் புட்டியின் பெயர்த்தாளைக் கிழித்துவிட்டு, மாத்திரைகளைப் பழைய தேன் ஜாடியில் கொட்டி, என் கிதாபு அலமாரியில், மார்க்க நூல்களுக்கு நடுவே வைத்தோம். அங்கே எவரும் கை வைக்கமாட்டார்.

மே 24, ஞாயிறு

பெருநாள். தொழுகை முற்றத்தில், மூவராக. ஒய்தின் கேட்டாள்: "அம்மா மட்டும் தேனை ஏன் தண்ணியோட முழுங்குறாங்க?"

ஜூன் 18

தெருவில் நான்கு வீடுகளில் இருமல். பிராணவாயுக் குடுவைக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு என்னை அழைக்கிறார்கள், பிறகு அவர்களே வராதீர்கள் என்கிறார்கள்.

ஜூன் 21, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் தோலிப்ஜானின் மனைவி ரிஸ்வான் வந்தாள். துணி முடிச்சில் இரண்டு ரொட்டி. அதை விரிப்பில் வைத்து, ரொட்டியைப் பிய்த்து, நான் ஒரு துண்டு வாயில் போடும்வரை பேசாதிருந்தாள். வேண்டுதலோடு வருபவர் அப்படித்தான் வருவார். வாயில் போட்ட பின் நான் மறுக்க முடியாது.

"அவருக்கு மூச்சு வாங்குது உஸ்தாத். மாஸ்கோவுல கொரோனாவுக்கு ஒரு மாத்திரை குடுக்கறாங்களாம். உங்க மருமக சாப்பிடறாளே, அதேதானாம். பதினாலு நாளைக்குச் சாப்பிட்டாப் போதுமாம்."

என் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"அவருக்கு எப்பவோ தெரியும். இல்ஹோம் ஜனாஸா அன்னிக்கே தெரியும். நாலு வருஷமா என்கிட்டகூடச் சொல்லல. நேத்து காய்ச்சல்லதான் சொன்னாரு."

நான்கு ஆண்டுகள் எங்கள் மானத்தை மூடிக் காத்தவர் மூச்சுக்குத் தவிக்கிறார். ஜாடியில் பதினெட்டு நாள் மருந்து இருந்தது. புதன்கிழமை புதுச் சரக்கு வரும் என்று குல்பாரா தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ஐம்பத்தாறு மாத்திரைகளை எண்ணி, அவள் கொண்டுவந்த துணியிலேயே முடிந்து கொடுத்தேன். வந்த துணி வெறுமையாகத் திரும்பக்கூடாது.

முகத்தஸ் பின்கட்டில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தாள். இருபது அடி தூரம். கூப்பிடவில்லை.

ஜூன் 22

காலையில் ஜாடியைத் தூக்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னேன். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"ரொட்டின்னா நீங்க எடுத்துக் குடுக்கலாம் மாமா. இது என் உசுரு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நானே குடுத்திருப்பேனோ என்னவோ."

ஜூன் 24, புதன்

சரக்கு வரவில்லை. குல்பாராவுக்கே காய்ச்சலாம், மையத்தில் எவரும் தொலைபேசியை எடுப்பதில்லை. தோலிப்ஜானை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள்.

ஜூன் 26, வெள்ளி

தோலிப்ஜான் மரணமடைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. ஆறு பேர் நின்று தொழுதோம்.

முகத்தஸின் ஜாடி நேற்று இரவோடு காலி.

ஜூன் 28

"மூணு நாள்தானே சாப்பிட்டிருப்பாரு மாமா," என்றாள் முகத்தஸ். "மிச்சம் அங்கதானே இருக்கும். நான் போய்க் கேக்கட்டுமா?"

"துக்க வீடு அது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா?"

தலை குனிந்து போய்விட்டாள். எட்டு மணிக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் அவள் கைப்பேசி ஒலித்தது. அணைக்காமல், அது தானே ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 2

ரிஸ்வானின் வாயில்வரை போனேன். நிலைக்கதவில் கை வைத்தேன். உள்ளே ஓதும் ஒலி கேட்டது. திரும்பிவிட்டேன். இது மூன்றாம் முறை. எது தடுக்கிறது? மரியாதையா? இல்லை, கேட்டால் என் கொடை சிறுத்துவிடும் என்ற செருக்கா? இரண்டடி கவிதை எழுதினேன், அடித்துவிட்டேன். அழகாக வந்திருந்தது, அதனால்தான் அடித்தேன்.

ஜூலை 9, வியாழன்

மருந்து வந்தது. முகக்கவசத்துக்கு மேல் கண்கள் குழிந்த குல்பாராவே ஒரு மாதத்துக்குத் தந்தாள். கொடுக்காமல் வைத்திருந்தால் ஜாடி சரியாக இன்றைக்குத்தான் தீர்ந்திருக்கும். நானே வெட்டிய பள்ளம் இது, பதினான்கு நாள் அகலம்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

தோலிப்ஜானின் நாற்பதாம் நாள். ரிஸ்வான் அதே துணியோடு வந்தாள். இரண்டு ரொட்டி, அவற்றின் நடுவே மாத்திரைகள். நாற்பத்து நான்கு.

"அப்பவே கொண்டுவந்திருப்பேன். குடுத்ததைத் திருப்பி அனுப்பினா உஸ்தாதை அவமதிச்ச மாதிரி ஆயிடுமேன்னு... நாற்பது கழியட்டும்னு இருந்தேன். நீங்களாவது கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கக்கூடாதா?"

பதினொரு நாள் மருந்து, இரண்டு வீடு தள்ளி, அவள் பெட்டியில் கிடந்திருக்கிறது. அவள் என் மரியாதையைக் காத்தாள், நான் அவள் துக்கத்தைக் காத்தேன். நடுவில் இருந்தவளை இருவரும் காக்கவில்லை. அமானிதத்தைப் பற்றி எத்தனை வெள்ளிக்கிழமை பேசியிருப்பேன்!

முகத்தஸ் எழுந்து போய், துணி நிறைய உலர்ந்த பழங்களைக் கட்டி ரிஸ்வானின் கையில் கொடுத்தாள். "அழாதீங்க அக்கா. உங்களுக்குத் தெரியாது." என் பக்கம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 4, வெள்ளி

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி ஏறியிருக்கிறது, இரண்டாம் மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. இந்த இடைவெளியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நல்ல மனிதர். மூன்றாம் மருந்துக்குத் தலைநகருக்கு எழுதியிருக்கிறார்கள். எப்போது வரும் என்பதற்குப் பதில் இல்லை.

முகத்தஸ் இளைத்துவிட்டாள். ஜாடி இப்போது என் அலமாரியில் இல்லை. அவள் பெட்டியில் இருக்கிறது, சாவி அவள் கழுத்தில்.

செப்டம்பர் 20, ஞாயிறு

மாலை அஸர் தொழுகைக்குப் பின் எதிர்வீட்டுக்காரர் முடிச்சோடு வந்தார். மகள் கல்யாணத்துக்கு எங்கள் பெரிய சமையல் கொப்பரை வேண்டுமாம். ரொட்டியைப் பிய்த்து நீட்டினார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இருங்கள், முகத்தஸிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"ஒரு கொப்பரைக்கு மருமககிட்ட கேக்கணுமா உஸ்தாத்? ஊர் சிரிக்கும்!"

சிரிக்கட்டும் என்று எழுந்தேன். பின்கட்டுக்கு இருபது அடி. நடந்தேன். அவள் தையலிலிருந்து நிமிர்ந்து, வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "குடுங்க மாமா" என்றாள்.

இதை என்றேனும் படிக்கும் கண்களே, உங்கள் வீட்டில் எவர் மருந்தும் தீராதிருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வரும் துணியும் உங்கள் வீட்டாரின் ஜாடியும் ஒருசேர நிறைந்திருக்கட்டும். ஆமீன்.