அப்பா வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு

எம். புதுப்பட்டி
18.6.2006

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அம்மா குருவம்மாள் சொல்லச் சொல்ல அண்ணன் அன்பரசன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், மஸ்கட் வெயிலில் அலையாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இனி எழுதுவது நான். எல்லோரும் சுகம் என்பது பொய். எப்போதும் தன் கையால் உனக்கு எழுதுகிறவள் இந்தத் தடவை ஏன் என்னை எழுதவைக்கிறாள் என்று யோசி. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. "சுளுக்குன்னு போடுய்யா, பிள்ள அங்கன தனியாக் கெடந்து பதறிப்போவான்" என்கிறாள். பதறு. அப்பா வண்டிக்கு நீ அனுப்பிய, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைக்கிற ஏர் ஷாக் அப்சார்பரால் வந்த வினை இது. போனில் சொல்லலாமென்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பாதான் எடுக்கிறார், பேசி முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகர்வதில்லை. அதனால்தான் கடிதம்.

இடுப்பு வலியோடு புல்லட் ஓட்டுகிற மனிதருக்கு அதை அனுப்பியது நல்ல எண்ணம்தான். ஆனால் பைக் கடையிலேயே வேலை பார்க்கிற உனக்கு, கூடவே ஒரு பம்பு அனுப்பத் தோன்றவில்லையா? "காத்துதானப்பா, எந்தக் கடையிலயும் அடிச்சுக்கலாம்" என்று போனில் சொன்னாய். அவர் நேராக அய்யாதுரையின் லாரி பஞ்சர் கடைக்குப் போனார். அந்த கம்ப்ரஸரில் நூற்றைம்பது பவுண்டு நிற்கும். உன் ஷாக்கின் பெட்டியில் ஐம்பதுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது, அதற்குள் இருக்கிற காற்றோ ஒரு டீ கிளாஸ் அளவு, அடி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எகிறிவிடும். "எம்புட்டு வைக்கட்டும் அண்ணாச்சி?" என்று அய்யாதுரை கேட்க, "நீ வையி, நான் சொல்லுதேன்" என்று சொல்லி சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருக்கிறார். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழாயில் மண் கெட்டியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற அதே விரல்! காற்றின் அளவு காட்டுகிற கேஜைப் பாருங்கள் என்றால், "ஏலே, முப்பது வருசமா ஃபோர்மேனா இருக்கிற வெரலு இது, உன் படிப்பெல்லாம் அச்சு மிஷினோட வச்சுக்கோ" என்கிறார். டிப்ளமோ வாங்கி சிவகாசியில் ஆப்செட் மிஷின் பார்க்கிற எனக்கு வீட்டில் இதுதான் மரியாதை. போதாததற்கு டயர் கேஜ் ஒன்று வாங்கி தினமும் காலையில் ஷாக்கில் வைத்துப் பார்க்கிறார். வைத்து எடுக்கும்போதே புஸ்ஸென்று நாலைந்து பவுண்டு போய்விடும். அடடா, இறங்கிவிட்டதே என்று மறுபடி அய்யாதுரை கடை. கம்பெனி கேட்டுக்கு வெளியே வண்டிகளை நிறுத்துகிற இடத்தில் வருகிறவன் போகிறவனையெல்லாம் "சின்னவன் அனுப்புனது, உக்காந்து பாரும்" என்று உட்காரவைப்பது வேறு.

போன மாதம் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு விருதுநகர் விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது ஆனைக்குட்டம் விலக்குப் பக்கம் காற்று மிஞ்சி வலது ஷாக்கின் சீல் பிய்ந்து ஆயில் டயரில் கொட்டி வண்டி வழுக்கிவிட்டது. மெதுவாக வந்ததால் கையோடு போயிற்று. பின்னால் லாரி வந்திருந்தால் இன்றைக்கு நான் வேறு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகாவது பழைய ஸ்பிரிங்கை மாட்டுவார் என்று பார்த்தேன். மதுரைக்குக் கொண்டுபோய் சீல் மாற்றி அதையே மாட்டி, மறுபடியும் அய்யாதுரையிடம் நிற்கிறார். வருகிற ஐந்தாம் தேதி கட்டுப் பிரிக்க அம்மாவை அதே வண்டியில்தான் கூட்டிப்போவாராம். அம்மாவும் தலையை ஆட்டுகிறாள். சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். எட்டு நாளாக அப்பா என்னோடு பேசவில்லை, கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார். என் காதில் விழும்படி அம்மாவிடம், "ஒருத்தன் அனுப்புதான், ஒருத்தன் பூட்டி வைக்கான்" என்கிறார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்த ஷாக்கை ரம்பத்தால் அறுத்துப் போட்டிருப்பேன். அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போன நீ மூன்று வருடத்தில் அவருக்கென்று அனுப்பிய முதல் பொருள் அது என்பதால் கை வரவில்லை.

ஆகவே ஒழுங்காக ஒரு பம்பு வாங்கு. சைக்கிள் பம்பு வேண்டாம், நானே ஒன்றை வைத்துப் பார்த்தேன், முனையைக் கழற்றுவதற்குள் பாதிக் காற்று போய்விடுகிறது. ஷாக்குக்கென்றே கையால் அடிக்கிற சின்ன பம்பு இருக்கிறது, சிவகாசியிலும் மதுரையிலும் தேடியாயிற்று, இல்லை. மீட்டர் அறுபதோடு முடிய வேண்டும். முந்நூறு வரை போகிற மீட்டரில் இருபதுக்கும் முப்பதுக்கும் முள் அசைவதே தெரியாது. ஹோஸ் வளைய வேண்டும், முனை மரையில் திருகுகிற மாதிரி இருக்க வேண்டும், கூடினால் குறைக்க ஒரு பொத்தான் வேண்டும். விலை மலிவு என்று கண்டதை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். நம் ஞானமுத்து சார் மகள் ஜெபிஷா அங்கே நர்ஸாக இருக்கிறதே, முப்பதாம் தேதி லீவில் ஊருக்கு வருகிறதாம். அதனிடம் கொடுத்தனுப்பு. பம்பு வந்து சேராவிட்டால் ஐந்தாம் தேதி அம்மா பஸ்ஸில்தான் போவாள்.

எப்படி அடிப்பது என்று தனித்தாளில் எழுதிக் கூட வைத்திருக்கிறேன். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி அடிக்க வேண்டும், தனியாகப் போனால் இருபது பவுண்டு, அம்மா ஏறினால் முப்பத்தைந்து, கழற்றும்போது வருகிற சத்தம் ஹோஸில் மிச்சமிருக்கிற காற்று, அதைக் கேட்டுப் பதறித் திரும்ப அடிக்கக் கூடாது. எல்லாம் இருக்கிறது. அந்தத் தாளை அப்படியே உன் கையெழுத்தில் எழுதி பம்போடு வை. என் கையெழுத்தைப் பார்த்தால் மடித்து உத்திரத்தில் செருகிவிடுவார். பார்சலில் அப்பா பேரைப் போடு. நான் எழுதியதாக அவரிடம் மூச்சு விடாதே. சாவியை பம்பு வந்த அன்றைக்கு எடுத்து ஆணியில் மாட்டிவிடுகிறேன்.

அம்மா உனக்குப் பத்திரகாளி துணையிருப்பாள் என்று சொல்லச் சொன்னாள், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள், அண்ணன் திட்டியதை மனதில் வைக்காதே என்றும் எழுதச் சொன்னாள். வை.

இப்படிக்கு,
அம்மா குருவம்மாள் (இடது கையால் போட்டது)
எழுதியது அன்பரசன்