சப்பரத்துக்குத் தோள் கேட்டு ஒரு கட்டுரை

ஜூலை 20, ஞாயிறு

மழை விடவில்லை. பூசை முடிந்ததும் பங்குச் சபை கூடியது. போன வருடத் திருவிழாவில் மாதாவின் சப்பரத்தைத் தூக்க ஆண்கள் போதவில்லை. பாதிப் பேர் கொழும்புக் கடைகளில். தேயிலைக் கொழுந்து ஏற்றும் ட்ரெக்டரில் வைத்துக் கொண்டுபோனார்கள். புகைக்கு நடுவே செபமாலை! இந்த வருடமும் அப்படித்தான் என்கிறார் சபைத் தலைவர் ஜூட்சன்.

கொழுந்தெடுக்கும் அந்தோனியம்மா எழுந்து, "நாங்க தூக்குறோம்" என்றாள். சிரித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பொம்பிளைகள் ஏன் தூக்கக்கூடாது என்று நானும் எழுந்தேன்.

"எழுதிக் குடுங்க டீமேக்கரம்மா. அடுத்த கூட்டத்துல வாசிச்சு முடிவெடுப்போம்" என்றார் ஜூட்சன். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்த காலத்திலிருந்து எனக்கு இந்தப் பெயர்தான். அவர் இறந்து ஒன்பது வருடமாகியும்.

நான் எழுதமாட்டேன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜூலை 22

எழுதிவிட்டேன். நான்கு பக்கம், ஓர் அடித்தல் இல்லை.

ஜூலை 23

அந்தோனியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதிர்ப்பவர்களைப் 'பத்தாம்பசலிகள்' என்று எழுதிய இடத்தில் கைதட்டிச் சிரித்தாள். பிறகு, "நல்லாத்தான் ஏசியிருக்கீங்கம்மா. ஏச்சு வாங்குனவன் நமக்கு கை தூக்குவானா?" என்றாள்.

சே. எதிராளியின் வாதத்தை அவனே தலையாட்டும்படி எழுது, அதற்குப் பிறகு பதில் சொல் — கொன்வென்டில் சிஸ்டர் பிலோமினா இதற்காகவே எத்தனை கட்டுரைகளைத் திருப்பித் தந்திருக்கிறார்! ஜூட்சனின் வாதம் என்ன? அவரை நான் கேட்கவே இல்லையே.

ஜூலை 25

"அவர் வீட்டுக்கு நீங்களா போறீங்க?" என்று மகள் ஷிராணி வாயைப் பிளந்தாள். போனேன்.

பிளேன்டீ தந்தார். சீனி அதிகம், குடித்தேன். வழமை மாறக்கூடாது என்பதுதானே உங்கள் பேச்சு என்றேன்.

"ட்ரெக்டர் என்னம்மா வழமை?" என்று அவரே சிரித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "சப்பரம் போற பாதையில மேல் வளைவு பூரா பாசி. ஆம்பள விழுந்தா வழுக்கிருச்சும்பாங்க. பொம்பள விழுந்தா தீட்டும்பாங்க. அந்தப் புள்ள அதுக்கப்புறம் தல நிமிர்ந்து நடக்க முடியுமா? அந்தப் பழி வேணாமுன்னுதான்."

வீடு வரும்வரை அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 27

பழைய கட்டுரையை அடுப்பில் போட்டேன். நல்ல வாக்கியங்கள். எரியட்டும்.

ஜூலை 30

ஜூட்சன் சொன்னதைப் பெயர் போடாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதினேன். நம் பெண்கள் மூட்டையைத் தலையில் கயிறு மாட்டிச் சுமப்பவர்கள், தோள் பழக்கமில்லை என்பார்கள். உண்மை. ஒத்துக்கொண்டேன், வெறும் சப்பரத்தை வைத்து மாலைதோறும் ஒத்திகை வேண்டும் என்றேன். பாசியைச் சுரண்டி மணல் போடலாம். தீட்டுக்கு என்ன பதில்? மண்டை காய்கிறது.

ஜூலை 31

கிடைத்தது! போன மாதம் அந்தோனியம்மா கொழுந்து மூட்டையோடு மலையில் சறுக்கி விழுந்தாளே, யாராவது தீட்டு என்றார்களா? 'நாளைக்குப் பெரட்டுக்கு நேரத்தோடு வந்துவிடு' என்றார்கள். விழுந்தவள் விடியற்காலையில் போய் வரிசையில் நின்றாள், வேலைக்குப் பெயர் கொடுத்தாள். இதை அப்படியே எழுதி, கீழே ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: துரையின் மூட்டையோடு விழுந்தால் வராத தீட்டு, தாயின் சப்பரத்தோடு விழுந்தால் எங்கிருந்து வரும்?

ஒன்றரைப் பக்கம். போதும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாதர் வாசித்தார். தன் வார்த்தைகள் வந்தபோது ஜூட்சன் தலையை ஆட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தக் கேள்வியையும் பாதர் வாசித்து முடித்தார்.

பின்வாங்கில் இருந்து றிச்சர்ட், "அப்ப ட்ரெக்டருக்கு லீவா?" என்றான். கூட்டமே சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு.

முதலில் உயர்ந்த கை ஜூட்சனுடையது. "நான் சொன்னத என்னைவிட நல்லா எழுதிப்புட்டு பதிலும் சொல்லிப்புட்டாங்க. இனி நான் எதைப் பேச?"

வென்றோம்! குடையை விரிக்க மறந்து நனைந்துகொண்டு வந்தேன். ஷிராணி ஏசினாள்.

ஆகஸ்ட் 9

ஒத்திகை. ஏற்றத்தில் குட்டையானவர்கள் முன்னால், இறக்கத்தில் பின்னால். இதற்கே மூன்று நாள் சண்டை.

ஆகஸ்ட் 17, திருவிழா

மழை மணலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேல் வளைவில் முன்வரிசையில் ஒருத்தி முழங்கால் ஊன்றிவிட்டாள். சப்பரம் சாய்ந்தது. "விடாதீங்கடி!" என்று அந்தோனியம்மா கத்தினாள். விடவில்லை. மாதா நிமிர்ந்துவிட்டார்.

பாட்டு நின்றுவிட்டது. யார் முதலில் பேசப்போகிறார்கள்? என்ன சொல்லப்போகிறார்கள்?

ஜூட்சன்தான். "எந்திரி தாயி. மாதா காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் எழுந்தாள். பாட்டு மறுபடி தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக.

கோயில் வாசலுக்கு முன்னால் அவர் என்னிடம் வந்தார். "எழுதுனா மட்டும் போதுமா டீமேக்கரம்மா? ஒரு தோள் குடுங்க." எழுபத்தாறு வயதில்! குடையை ஷிராணி கையில் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18

வலது தோளில் நீலமாய்க் கன்றிப்போயிருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் சீக்கிரம் மறையும் என்றாள் ஷிராணி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.