ஞாயிற்றுக்கிழமை நாய்களும் என் அடைக்கோழியும்

அனுப்புநர்:
மு. திம்மராயன் (வயது 71),
சின்னபில்லக்கொட்டாய்,
உத்தனப்பள்ளி வழி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
ஊராட்சிச் செயலர் அவர்கள்,
சின்னபில்லக்கொட்டாய் ஊராட்சி.

பொருள்: வரும் ஞாயிறு காலைக்குள் தெருநாய்களிடமிருந்து அடைக்கோழியைக் காப்பாற்றக் கோருவது – தங்கள் பதிலை ஏற்க மறுப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முடியாது. கோழிகளைக் கூண்டில் அடைத்து வைக்கும்படி என் முதல் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலை இத்துடன் பணிவாகத் திருப்பி அனுப்புகிறேன். ஐந்தாவது வரை படித்தவன். ஆகவே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் நாய் செய்த தப்புக்குக் கோழிக்குத்தான் ஜெயில் என்று இருந்தது.

1. என் புழக்கடையில் பதினான்கு நாட்டுக்கோழிகள் இருந்தன. நான்கு ஞாயிறுகளில் ஒன்பது போயின. மிச்சமுள்ள ஐந்தில் ஒன்று சேவல். எந்நேரமும் கூவும், இடத்தை விட்டு அசையாது. அதனால் மரியாதையாக 'செயலர்' என்று தங்கள் பதவியின் பெயரை வைத்திருந்தேன். நாய் வந்த அன்று மட்டும் அசைந்தது, கூரைக்கு.

2. கழுத்தில் இறகில்லாத என் கோழி 26.10.2025 முதல் பதினொரு முட்டைகளின் மேல் அடை உட்கார்ந்திருக்கிறது. இருபத்தொரு நாள் நிறைவது வரும் ஞாயிறு. கூடையோடு தூக்கி வீட்டுக்குள் வைத்துப் பார்த்தேன், எழுந்து ஓடிவிட்டது. பழைய இடத்தில் வைத்த பிறகுதான் உட்கார்ந்தது. இனியும் நகர்த்தினால் பதினொன்றும் கூமுட்டை. கூடையைக் கவிழ்த்துக் கல் வைக்கலாமே என்பீர்கள். போன ஞாயிறு வேறொரு கோழியை அப்படித்தான் மூடினேன். கல்லையும் உருட்டிவிட்டன.

3. ஞாயிறு மட்டும் ஏன் என்று விசாரித்துக் கண்டுபிடித்தது நான், தங்கள் அலுவலகம் அல்ல. என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது, அங்கே கேண்டீனில் மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் வாளியில் கொண்டுவந்து காலை ஏழரைக்கு ஆறு நாய்களுக்குப் போடுகிறார். அந்த நாட்களில் அவை என் கோழிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை ஷிப்ட் கிடையாது. ஆகவே ஞாயிறு காலை எட்டு மணி வரை வாளிக்காகக் காத்திருக்கும். எட்டரைக்கு என் வேலியைத் தாண்டும்.

4. நாய்களைக் கொல்லச் சொல்லவில்லை. விஷம் வைக்கச் சொன்னவர்களுக்கு என் வாசலில் இனி தண்ணீர்கூடக் கிடையாது. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் வண்டியை வரவழையுங்கள். கேண்டீன் சோறு வெளியே போகக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டுவிட வேண்டாம். ஏழு நாளும் ஞாயிறாகிவிடும். வண்டி வரும் வரை, மேற்படி நபர் ஞாயிறும் ஏழரைக்கு எழுந்து சோறு வைக்க எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்.

5. மேற்படி நபரிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். "தாத்தா, வாரம் பூரா நைட் ஷிப்டு பாக்கேன். ஒரு நாளாவது உறங்க விடுங்க. நாயும் பாவம்லா" என்றார். "ஏம்பா, நீ தூங்கறதுக்கு என் கோழி சாவணுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். அவர் பெயர் ராஜேஷ்குமார். கையெழுத்து அழகு என்று நான் கெஞ்சிக் கேட்டதால் இப்போது இந்த மனுவை எழுதிக்கொண்டிருப்பவரும்

ஐயா, இதுக்கு மேல என் கையெழுத்து. மூணாவது பத்தியிலயே அவன் மூஞ்சி சுருங்கிச்சு. பேர் வந்த அடுத்த வரி முடியறதுக்குள்ள எந்திரிச்சிட்டான். அவன் பேரை அவன் கையாலயே எழுதினான், பாவம். பேனாவும் அவனோட போச்சு. இது பென்சிலு.

6. ஞாயித்துக்கெழமைக்குள்ள எதாவது பண்ணுங்க. பண்ணலன்னா தடியோட கோழி பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். நாய் மேல அடி விழுந்து கேசு ஆச்சுன்னா, இந்த மனு நகலைக் காட்டிட்டு நானே ஸ்டேஷனுக்கு நடந்து வர்றேன். கூண்டு மட்டும் வாங்க மாட்டேன்.

7. பொரிக்கற குஞ்சுல ஒண்ணு ராஜேஷுக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வரியே அதுதான். தன் குஞ்சுன்னு ஒண்ணு இங்க மேஞ்சா ஞாயித்துக்கெழம தானா எந்திரிப்பான். கேக்கறதுக்குள்ள படி எறங்கிட்டான்.

இடம்: சின்னபில்லக்கொட்டாய்
நாள்: 13.11.2025

இப்படிக்கு,
கூண்டு வாங்காத,
மு. திம்மராயன்