பஸ் ஏறியதும் முடிந்த படம்

பாளையங்கோட்டை
3.10.99

அன்புள்ள சித்ரலேகா,

கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்பட எதிரில் ஒரு முகம் வேண்டும். உன் முகத்தை நான் பார்த்ததில்லை.

மூன்று மெயில் போட்டிருக்கிறாய். ஏன் பேச்சே இல்லை, உடம்புக்கு ஏதாவதா, புதுப் படம் எதுவும் பார்த்தாயா என்று. மூன்றையும் எபனேசர் அண்ணாச்சியின் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். பதில் தட்ட விரல் வரவில்லை. பொங்கல் வாழ்த்துக்காக நீ கொடுத்த பெங்களூர் முகவரி டைரியில் இருந்தது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

நலமாக இருக்கிறேன். இங்கே மழை இன்னும் தொடங்கவில்லை. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவு.

நம் மெயில் குழுவில் சேர்ந்து ஒன்றரை வருடம். வாரம் இரண்டு மதியம், அரை அரை மணி நேரம். எந்தப் பாட்டு திருட்டு மெட்டு, எந்த சீரியலில் யார் அதிகம் அழுகிறாள், ஷார்ஜாவில் கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஒன்றும் முக்கியமில்லாத பேச்சு. முக்கியமில்லை என்பதால்தான் எனக்கு அது தேவைப்பட்டது. வீட்டில் என்னிடம் கேட்கப்படுவதெல்லாம் முக்கியமான கேள்விகள்.

குழுவில் நீ ‘மழைத்துளி’. உன் உண்மைப் பெயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைப் பெருமையாக வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் அம்மாவும் நானும் மாலைக் காட்சிக்குப் போனோம். அந்த நர்ஸ் படம். கடைசியில் அவள் புருஷன் வீட்டை விட்டு இறங்கி, ஒரு பையுடன் பஸ் ஏறுகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. திரை இருட்டு. அவ்வளவுதான். அதைக் குழுவில் எழுத மனமில்லாமல் உனக்கு மட்டும் எழுதினேன். “அவள் எங்கே போகிறாள் என்று படம் சொல்லவில்லை. கேட்க நமக்கு உரிமையில்லை என்று சொல்கிறது.”

இதை வளர்த்து எழுது என்றாய். சென்னை வார இதழ் ஒன்று ஊர்களிலிருந்து விமர்சனம் எழுத ஆள் தேடுகிறது என்று சொன்னதும் நீதான். அப்பாவிடம் கெஞ்சினேன். இந்த வருடம் ஒரு பத்திரிகை என்னை எடுத்துக்கொண்டால் எழுதலாம், இல்லாவிட்டால் பி.எட். என்று சம்மதித்தார். பி.எட். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் இருபது. இதையும் உனக்குச் சொல்லியிருந்தேன்.

கட்டுரையை முதலில் உனக்கு அனுப்பினேன். அவசரப்படாதே, திருத்தித் தருகிறேன் என்றாய். பதினோரு நாள் காத்திருந்தேன். எபனேசர் அண்ணாச்சியே கேலி செய்தார், “எதுக்கு இப்படி ஓடி ஓடி வாரீங்க? மெயில் வந்தா நான் வீட்டுக்கு வந்து தண்டோரா போடுதேன், போங்க” என்று. பன்னிரண்டாம் நாள் நானே அந்த இதழுக்குத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்ததை நீ அறிவாய். தாஜ் முகம்மது துபாயிலிருந்து குழுவுக்கு எழுதினார். ஒரு வார இதழில் யாரோ எழுதிய விமர்சனத்தை வரி வரியாகத் தட்டிப் போட்டிருந்தார். “அந்தப் புள்ள அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஓடியாருதா, மாப்பிள்ள கால்ல விழுதா, பொறவு பாட்டு, வளைகாப்பு எல்லாம் நடக்கு. பஸ் ஏறினதும் படம் முடியுதுன்னு இந்தம்மா எழுதுதாங்களே, எந்தத் தேட்டர்ல பாத்தாங்க வே?”

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் எழுதினாய். பாதிப் படத்தில் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று.

கடைத்தெருவில் அந்த இதழை வாங்கினேன். வரிகள் என்னுடையவை. ஒரு கமா கூட மாறவில்லை. கீழே: சித்ரலேகா, பெங்களூர்.

நீ படத்தைப் பார்க்கவே இல்லை.

ஆனால் நான் பார்த்தேனே. நேரே தியேட்டருக்குப் போய் ஆப்பரேட்டர் ஞானையா அண்ணாச்சியைக் கேட்டேன். ஐம்பது வயதுக்காரர், புரொஜக்டர் அறைக்கு வெளியே சட்டையைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். “பாபநாசம் போற கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு தாயி. படம் விட ஒன்பதரை ஆகுது. சனம் பாதில எந்திரிச்சுக் கத்துதாங்க, சீட்டக் கிழிக்காங்க. அதான் சாயங்கால ஆட்டத்துக்கு மட்டும் கடைசி ரீல ஓட்டுறதில்ல. அந்தப் புள்ள பஸ் ஏறுனா நம்ம சனமும் பஸ் ஏறிரும்லா. ஏன், நல்லாத்தான இருந்துச்சு?”

நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதியதும் நீ எடுத்ததும் ஞானையா அண்ணாச்சியின் முடிவை.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “வெளிய சொல்லிராத. மொதலாளிக்கே தெரியாது. தெரிஞ்சா எஞ் சோலி போச்சு.” சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த முதலாளி அப்பாவிடம் படித்தவர். அதனால் அப்பாவிடமும் சொல்ல முடியாது.

அதற்கு நான்காம் நாள் அதே இதழிலிருந்து எனக்குப் பதில் வந்தது. கார்டில். எங்கள் இதழில் முன்பே வெளியான கட்டுரையைப் பெயர் மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள், இனி உங்கள் எழுத்து எதுவும் பரிசீலிக்கப்படாது. நாலே வரி. கவர் இல்லாததால் தபால்காரர் படித்திருப்பார். வாசலில் வாங்கிய அப்பா நின்றபடியே படித்தார்.

அப்பா முப்பது வருடம் பரீட்சை அறையில் காப்பியடிப்பவர்களைப் பிடித்தவர். கத்தவில்லை. “பிட்டு வச்சு எழுதுத பயலுக்கும் கை நடுங்கும்ளா. ஒனக்கு அதும் இல்லியே” என்றார். இது நான் எழுதியது, ஒரு சிநேகிதி எடுத்துக்கொண்டாள் என்றேன். எந்த சிநேகிதி, கூடப் படித்தவளா என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கே பார்த்தாய் என்றார். பார்த்ததில்லை என்றேன்.

“பாத்ததே இல்லியா? பாக்காமலே சிநேகிதியா?”

சிரித்தார், சித்ரா. ரொம்ப நாள் கழித்து அப்பா சிரித்தது அதற்குத்தான். பிறகு பி.எட். விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த முடிவு வேறு எங்கும் கிடையாது. இந்த ஊரில், மாலைக் காட்சியில் மட்டும்தான். ஆசிரியருக்கு இதை எழுதினால் போதும், கட்டுரை யாருடையது என்று விளங்கிவிடும். உன் பெயரும் போகும். அதோடு ஞானையா அண்ணாச்சியின் வேலையும் போகும். உன் பெயரைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். அவர் வேலையைப் பற்றி யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

தாஜ் முகம்மதுவிடமும் மற்றவர்களிடமும் மழைத்துளி யார் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

உனக்கு என்ன நெருக்கடி என்று எனக்குத் தெரியாது. ஏதோ இருந்திருக்கும். நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருப்பேன். அதுதான் தாங்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுது. அதைக் கோமு எழுதினாள் என்று மட்டும். காரணம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். தியேட்டரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இருபதாம் தேதிக்குள் இங்கே இதழிலிருந்து ஒரு பதில் வந்தால் போதும். கார்டிலேயே வரட்டும். அப்பா வாசலில் வாங்கிப் படிக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நிறையப் படம் பார். உட்கார்ந்து, கடைசி வரை பார்.

இன்னமும் உன்,
கோமு


20.10.99

சித்ரலேகா,

நேற்று வரை தபால்காரருக்காக வாசலில் நின்றேன். இன்று காலை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.

கோமு