பதினைந்தாவது மட்டை

அக்கா,

பெரியம்மா உன் தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய துண்டை எடுத்து என் மடியில் போட்டார். "ஒன்னோட வெளயாட்டுத் துண்டுதானே ஆத்தா, நீயே வச்சுக்க" என்றார். பாச்சை உருண்டை நெடி. அதற்கும் அடியில், நம்பினால் நம்பு, இன்னும் புல் வாசனை. ஓரத்தில் படிந்த பச்சைக் கறையும் போகவில்லை. நீ போய் முப்பதாம் நாள் பூசை இன்று காலைதான் கோயிலில் முடிந்தது.

இந்தத் துண்டைத்தான் முதல் நாள் சும்மாடாகச் சுற்றினாய். ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் அப்பா புல் வெட்டிப் பராமரித்த கோல்ப் மைதானத்தின் ஓரத்து வீட்டில் வளர்ந்தவள் நான். ஈஸ்டர் தேருக்கு மட்டும் நம் ஊர் ஆவூருக்கு வருவேன். நான் பந்தயங்களுக்குப் போகத் தொடங்கியபோது பை தூக்கக் கூட ஒரு ஆள் இல்லை. பெரியப்பா மகள் நீ, நடவை அப்படியே போட்டுவிட்டு வந்தாய். வந்த அன்றே, அத்தனை பெரிய மனிதர்கள் நடமாடும் இடத்தில், கோல்ப் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாய். எனக்கு மானம் போனது.

"அக்கா, தோள்ல மாட்டுக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நெல்லுக்கட்டு சொமந்த தலைடி இது. தோள்ல போட்டா தொடையில இடிக்குது."

நாலு குழி வரைக்கும் தலைச்சுமைதான். ஐந்தாவது குழியில் நீயாகவே தோளுக்கு மாற்றிக்கொண்டாய், எனக்காக இல்லை, கழுத்து வலித்ததால்.

பந்து எந்தப் பக்கம் உருளும் என்று பயிற்சியாளர்கள் குனிந்தும் நிமிர்ந்தும் கணக்குப் போடுவார்கள். நீ புல்லை ஒரு பார்வை பார்ப்பாய். "வயலுக்குத் தண்ணி பாச்சுனவளுக்கு மேடு பள்ளம் தெரியாதாக்கும்? அங்கிட்டு அடி, இங்கிட்டு வரும்." வரும். பாழாய்ப்போன பந்து, நீ சொன்ன இடத்துக்குத்தான் வரும்.

கோல்பில் ஒருவர் பையில் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. அதை நான் சொன்ன மறுநாளே எல்லாவற்றுக்கும் நீ பேர் வைத்துவிட்டாய். பந்தைத் தூர அனுப்பும் நீள மட்டை மூத்தவன். மணலிலிருந்து கிளப்புவது மம்பட்டி. கடைசியில் பந்தைக் குழிக்குள் உருட்டும் குட்டை மட்டை கடைக்குட்டி. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேர் சொல்லி, "பதினாலு புள்ளையும் வந்துருச்சு, கெளம்பு" என்பாய். அதைக் கேட்காமல் நாம் ஒருநாளும் முதல் குழிக்குப் போனதில்லை.

ஒரே ஒருநாள் போனோம்.

அது தகுதிச் சுற்றின் கடைசி நாள். ஜெயித்தால் தொழில்முறை ஆட்டக்காரி. தோற்றால் இன்னொரு வருஷம் அப்பாவின் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் என் கடைக்குட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கூட ஆடிய பெண்ணிடம் உபரியாக இருந்த ஒன்றைக் கேட்டு வாங்கி, கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மறந்து என் பையிலேயே செருகிவிட்டேன். நீ அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். காலையில் நீ எண்ண உட்கார்ந்ததும் நான் எரிந்து விழுந்தேன். "தினமும் இதே கூத்தா? நேரமாச்சு, தூக்குக்கா!" நீ பையைத் தூக்கிக்கொண்டாய்.

இரண்டாவது குழியில் கடைக்குட்டியை எடுக்கப் பைக்குள் கையை விட்ட நீ அப்படியே நின்றாய். உன் கையில் இரண்டு. கூட ஆடியவர்கள் தூரத்தில் இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. அக்கா, இன்று மழுப்பி என்ன ஆகப்போகிறது, நான் "உள்ள போடு" என்றுதான் சொன்னேன்.

"பாவம்டி" என்றாய். அவ்வளவுதான். பிறகு, "நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லவா?"

நான்தான் போய்ச் சொன்னேன். குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிக்கிற ஆட்டத்தில், தண்டமாக எனக்கு நாலு அடி கூடியது. கடைசியில் இரண்டே இரண்டு அடியில் எனக்கு வாய்ப்புப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், எப்படி இப்படி ஆனது என்று. நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அக்கா எண்ணல" என்றேன். பொய் இல்லை பார், நீ எண்ணவில்லைதான். பொய்யைவிடக் கேடுகெட்டது அது. அப்பா உன்னைப் பார்த்து, "எண்ணக்கூடத் தெரியாதவள கூட்டியாந்தது என் தப்பு. நீ ஊருக்குப் போ ஆத்தா, போதும்" என்றார். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். நான் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தேன்.

"சரிங்க சித்தப்பா" என்று சொல்லி, நீ மறுநாள் பஸ் ஏறினாய். மறுபடி மைதானத்தின் பக்கமே வரவில்லை. உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். அதுதான் என்னை அறுக்கிறது.

அடுத்த வருஷம் ஜெயித்தேன். கோப்பைகள் வந்தன, விமானப் பயணங்கள் வந்தன, முதுகுவலியும் வந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தின நாள் சாயங்காலம் உன் போன் வரும். நல்லாருக்கியா, சாப்பிட்டியா எதுவும் கிடையாது. ஒரே கேள்விதான். "எண்ணிட்டியாடி?" "எண்ணிட்டேன்க்கா." வைத்துவிடுவாய். குத்திக் காட்டுகிறாய் என்று சில வருஷம் கோபப்பட்டிருக்கிறேன். நீ குத்தவில்லை, பை தூக்கும் வேலையை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது புரியவே இத்தனை காலம் ஆயிற்று.

போன மாதம் போன் வரவில்லை. வேலை அசதியில் தூங்கியிருப்பாய் என்று நினைத்தேன். மறுநாள் ஆட்டம் முடிந்து பார்த்தால் அப்பாவிடமிருந்து பதினோரு அழைப்பு.

துண்டை இன்று பிரித்தேன். உள்ளே மடித்த ஒரு பேப்பர். என் பேட்டி. சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. முதல் தோல்வியைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொன்ன பதிலைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'எங்க அக்கா மட்டையை எண்ண மறந்துட்டாங்க!' வேடிக்கையாகச் சொன்னேன், அக்கா. கேட்டவரும் சிரித்தார். நீ அதை ஓரம் கிழியாமல் கத்தரித்து, நாலாக மடித்து, இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாய். பெரியம்மா சொன்னார், "வர்றவுக போறவுககிட்ட எல்லாம் காட்டுவா. எந் தங்கச்சி பேப்பர்ல என்னப் பத்திப் பேசியிருக்கான்னு."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மத்தியானம் பந்தியில் அப்பாவுக்கு எதிரில் போய் நின்றேன். "அப்பா, அந்தப் பதினஞ்சாவது மட்டையப் பையில வச்சது நான். அக்காவ எண்ணவிடாததும் நான்தான்" என்றேன். பிசைந்த சோறு அப்பாவின் கையிலேயே நின்றது. பெரியம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"இத அவ இருக்கையில சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அப்பா. எழுந்து கை கழுவினார். அந்த வெயிலில் செருப்புக்கூடப் போடாமல் கல்லறைப் பக்கம் நடந்தார். அங்கே உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

நாளை கிளம்புகிறேன். அடுத்த வாரம் பந்தயம். துண்டு என்னோடு வருகிறது, பேப்பரும்தான். முதல் குழிக்கு முன்னால் மூத்தவனிலிருந்து கடைக்குட்டி வரை பேர் சொல்லித் தொட்டு எண்ணுவேன். இதென்ன பழக்கம் என்று எவராவது கேட்பார்கள், எப்போதும் கேட்பார்கள். இதுவரை எங்க அக்கா எண்ண மறந்த கதையைச் சொல்லிச் சிரித்தேன். இனி நான் எண்ணவிடாத கதையைச் சொல்வேன்.