நீ மூடிய இடப்பக்க உறை

என் பிரியமுள்ள அண்ணே,

நேற்று சாயந்திரம் துடைத்துவிட்ட கறை இன்று காலையில் திரும்பி வந்திருந்தது.

பெரிய கறை இல்லை. டீ டம்ளரின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்தால் ஒரு கோடு நிற்குமே, அவ்வளவுதான். விமானத்தின் இடது இறக்கையைத் தாங்கும் சாய்வு இரும்புக் குழாய் கீழே உடம்போடு வந்து சேருகிற இடத்தில், குழாயைப் போர்த்திய தகட்டு உறையின் நுனியிலிருந்து இறங்கியிருந்தது. நேற்று மண் என்று நினைத்துத் துடைத்தேன். மண் என்றால் பூட்டிய கொட்டகைக்குள் தானாக எப்படித் திரும்பி வரும்?

இன்றைக்கு மாமா பறக்கிற நாள். அதைத்தான் முதலில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். குரங்கணி ரோட்டுக்குக் கீழே அந்தப் பழைய ஏலக்காய்க் கொட்டகையில் நீயும் மாமாவும் கட்டத் தொடங்கிய இரண்டு சீட்டு விமானம் முடிந்துவிட்டது. என்ஜினைப் பல தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. அனுமதித் தாளும் வந்துவிட்டது. கடைசியாகப் பாக்கியிருந்தது வலப்பக்கக் குழாயின் உறை ஒன்றுதான். இடப்பக்கத்து உறையை நீ போட்டு முடித்திருந்தாய். அந்த வாரமே நீ ஏறி மேட்டுக்குப் போன ஜீப் வளைவில் கவிழ்ந்தது. வலப்பக்கம் ஒரு வருஷமாக வெறும் குழாயாகவே நின்றது.

அந்த வேலையை நான் முடித்தேன், அண்ணே. நம்ப மாட்டாய். நீ தகடு மடிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே நான். "உருண்டைக் குழாயைக் காத்து பிடிச்சு இழுக்கும்டி. மீன் ஒடம்பு மாதிரி ஒரு உறை போட்டுட்டா வழுக்கிக்கிட்டுப் போயிரும்" என்று அப்போது நீ சொன்னது காதில் இருந்தது. அலுமினியத் தகட்டை மடித்து, குழாயின் மேல் போர்த்தி, பின்னோரத்தில் ரிவெட் அடித்து மூடினேன். உன்னுடையதைப் பார்த்துப் பார்த்துத்தான் அளவெடுத்தேன். உன் வரிசையில் ஒரு ரிவெட் கொஞ்சம் கோணலாக இருந்தது. என் வரிசையிலும் அதே இடத்தில் ஒன்றைக் கோணலாக வைத்தேன். தெரிந்தேதான்.

உன் உறையை மட்டும் இந்த ஒரு வருஷத்தில் யாரும் பிரிக்கவில்லை. "அது அவன் கை வச்சது" என்பார் மாமா. தூசி தட்டுவதோடு சரி.

காலையில் நான் கறையைப் பார்த்தபோது அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறி மலைக்காற்று புரளத் தொடங்குவதற்குள் எழும்பி, வயலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"என்னாத்தா நிக்கிற? வெரசா வா. ரெக்கையைப் பிடி, வெளிய தள்ளுவோம்."

எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் பாடம் தெரியும், குரல்தான் வராது. ஒன்பதாவதோடு நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் என்று அம்மா சொல்லிக்கொள்கிறாள். பாதி காரணம் இதுதான். ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, புள்ளி விழுந்த காயைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கலாம்.

மாமா சக்கரத்துக்கு முன்னால் இருந்த தடுப்புக் கட்டையைக் காலால் தள்ளினார். நான் அதை எடுத்துத் திரும்பவும் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி தள்ளினார். நான் மறுபடி வைத்தேன்.

"ஏய், பறக்கப் போறது நானு. வேர்க்கிறது ஒனக்கா?"

கறையைக் கைகாட்டினேன்.

"பனி எறங்கியிருக்கும்."

"பனி இல்ல மாமா. நேத்துத் தொடச்சேன். திரும்ப வந்திருக்கு. உள்ளருந்து வருது."

மாமா குனிந்து அந்தக் கோட்டை விரலால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நுனி நாக்கில் வைத்தார்.

"கரிக்குது" என்றார். "உப்பு."

விமானத்துக்குள் உப்பு எங்கிருந்து வரும்? அவர் முகத்தில் அந்தக் கேள்வி வந்ததைப் பார்த்தேன். வந்த வேகத்தில் அதை அவர் தள்ளிவிட்டதையும் பார்த்தேன். "ஒன் கை வேர்வையா இருக்கும். கட்டையை எடு."

"தொறந்து பாக்கணும் மாமா."

"அவன் மூடுனதையா?"

வெளியே ரோட்டில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு போனது. இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் அது தாண்டிப் போகும்வரை காத்திருப்போம்.

"நாள் பாத்து வச்சிருக்கேன். போடியில பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு" என்றார் மாமா. "பாப்பா ஒரு கறையைப் பாத்துச்சு, அதான் பறக்கலைன்னு போய்ச் சொல்லவா? டீக்கடையில எனக்கு ரெக்கை இல்லாத கோழின்னு பேரு வச்சிருவானுக."

"வைக்கட்டும்."

"என்னது?"

"வைக்கட்டும் மாமா. மேல போனப்புறம் இந்தக் குழாய் விட்டுச்சுன்னா ரெக்கை மடங்கிரும்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நிறுத்தினால் திரும்ப வராது என்று பயந்து அடுத்ததையும் சொல்லிவிட்டேன். "அண்ணன் இருந்திருந்தா தொறந்திருப்பான்."

மாமா சுவரில் மாட்டியிருந்த டிரில்லை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயே தொற. என் கையால அதைப் பிரிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

டிரில் ஊசியில் டேப் சுற்றினேன். டேப் வரை போனால் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்துவிடும். முதல் ரிவெட்டின் தலை சின்ன மோதிரம் மாதிரி கழன்று ஊசியோடு சுற்றியது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி மூச்சு விட்டேன். உன் கோணல் ரிவெட்டை மட்டும் தொடாமல் தாண்டிப் போனேன். கடைசியில் அது ஒன்றுதான் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீ அடித்ததை நான்தான் உடைப்பேன் என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அதையும் எடுத்தேன். தகடு வாயைத் திறந்தது.

குழாயின் அடிமுனையில் ஒரு கறுப்பு பாலிதீன் பொட்டலம் கட்டியிருந்தது. ஏலக்காய்ச் சாக்குக்குள் போடுகிற அதே பாலிதீன். வாயைத் திருகி, மடக்கி, சணல் கயிற்றால் இறுக்கியிருந்தாய், சாக்கு கட்டுகிற மாதிரியே. உள்ளே ஒரு பச்சைத் துணி முடிச்சு. அம்மாவின் பழைய சேலை. துணிக்குள், திருஷ்டிக்கு முடிகிற கல் உப்பும் மிளகாயும் ஒன்றாகக் கரைந்து சேறாகியிருந்தன.

"விமானத்துக்கு முடிஞ்சு வச்சேனே, ஜீப்புக்கு முடிய மறந்துட்டேனே" என்று ஒரு வருஷமாக அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறாள். அது ஏதோ துக்கத்தில் வருகிற பேச்சு என்றுதான் நானும் மாமாவும் நினைத்திருந்தோம். எங்கே முடிந்து வைத்தாள் என்று ஒரு நாளும் அவளிடம் கேட்கவில்லை.

உனக்குத் தெரியும்தானே அண்ணே, உப்பு இரும்புக்கு ஆகாது என்று? தெரிந்ததால்தான் பாலிதீன் சுற்றினாய். ஈரம் உள்ளே போகாது என்று நினைத்தாய். நன்றாகக் காய்ந்த ஏலக்காய்க்கு அது சரி, நிறம் மாறாமல் கிடக்கும். கொஞ்சம் ஈரப்பதமாகப் போட்டுக் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும் என்று எத்தனை பேருக்கு நீயே சொல்லியிருக்கிறாய். கல் உப்பு எந்த நாளில் முழுசாகக் காய்ந்திருக்கிறது? என்ஜின் ஓடும்போதெல்லாம் பொட்டலம் குழாயில் உரசியிருக்கிறது. உரசின இடத்தில் பெயின்டும் போய், பாலிதீனும் பிய்ந்து, உப்புத் தண்ணீர் குழாயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மாமா வந்து பார்த்தார். சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்துவந்து துரு பிடித்த இடத்தில் வைத்து அழுத்தினார். செதிலாக ஒரு துண்டு விழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஊசி உள்ளே போய்விட்டது.

அவர் அதைப் பிடுங்கவில்லை. குழாயில் குத்தினபடி விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"மேல எழும்பியிருப்பேன்" என்றார். "வயலுக்கு மேல வச்சு விட்டிருக்கும்."

அப்போதுதான் அம்மா வந்தாள். ஒரு கையில் பொங்கல் தூக்குவாளி. இன்னொரு கையில் மாமாவுக்கும் விமானத்துக்கும் சுற்றிப்போடப் புதிதாக ஒரு உப்பு முடிச்சு. பிரித்துப்போட்ட தகட்டைப் பார்த்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா தம்பி, இன்னும் கெளம்பலையா?"

மாமா சட்டென்று எழுந்து பொட்டலத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுமில்லக்கா. உள்ள எலி கூடு வச்சிருக்கு."

அம்மா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எலி வந்து என் சேலையவா கிழிச்சுச்சு?"

மாமா என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தார். எனக்கும் புரிந்தது. ஜீப்புக்கு முடிந்து வைக்காமல் போனேனே என்றே ஒரு வருஷமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறவளிடம், முடிந்து வைத்ததும் இப்படி ஆயிற்று என்று யார் சொல்வது? ஆனால் சொல்லாமல் விட்டால், அவள் கையிலிருக்கிற முடிச்சு இன்றைக்கே வேறு எங்காவது போய் ஒளிந்துகொள்ளும். நமக்குத் தெரியாத ஓர் இடத்தில்.

"உப்பு தண்ணி விட்டுருச்சும்மா" என்றேன். "குழாயைத் தின்னுருச்சு. இன்னைக்குப் பறக்க முடியாது."

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். பாலிதீனைக் கையில் எடுத்து, உன் சணல் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இரும்புக்கு ஆகாதும்மான்னு சொல்லத்தான் செஞ்சான்" என்றாள். "நாந்தான் விடல. எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கான் பாரு." பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒன்னையும் பறிகுடுத்திருப்பேனாடா?"

"இந்தா நிக்கிறேன்ல" என்றார் மாமா. "அந்தப் பொங்கலைக் கொண்டா. பசிக்குது."

அவர் சாப்பிட்டார், அண்ணே. கீழே சிந்திச் சிந்திச் சாப்பிட்டார். அம்மா புது முடிச்சை அவர் தலையைச் சுற்றினாள். சுற்றிவிட்டு விமானத்தின் பக்கம் கையை நீட்டியவள், நடுவில் நிறுத்திக்கொண்டாள். வெளியே போய் வாளித் தண்ணீரில் முடிச்சை அவிழ்த்துக் கொட்டி, உப்பு கரையும்வரை நின்று பார்த்தாள். "இனிமே ஆளுக்குத்தான். மிஷினுக்கு வேணாம்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

புதுக் குழாய்க்கு மாமா மதுரைக்குச் சொல்லிவிட்டார். வருவதற்கு நாளாகும். டீக்கடையில் கோழிப் பேச்சு இந்நேரம் தொடங்கியிருக்கும்.

உன்னுடைய அதே உறையைத்தான் திரும்பப் போடப் போகிறேன். கழுவித் துடைத்து வைத்துவிட்டேன். நீ போட்ட ஓட்டைகளிலேயே மாட்டுவேன். ஆனால் ரிவெட் அடிக்க மாட்டேன், ஸ்குரூ போடுவேன். நினைத்த நேரம் கழற்றி உள்ளே பார்க்கலாம். அந்தக் கோணல் ஓட்டை கோணலாகவே இருக்கட்டும், நேராக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் திறந்து பார்க்காமல், பார்த்ததை வாயைத் திறந்து சொல்லாமல், மாமாவை அதில் ஏற விட மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

அம்மா போன பிறகு மாமா கொட்டகையைப் பூட்டச் சாவியை எடுத்தார். நான் டிரில்லைத் திரும்பவும் எடுப்பதைப் பார்த்து, "வலப்பக்கம் நீ போட்டதுதான, அதுல என்ன இருக்கப் போகுது?" என்றார்.

"பாத்துருவோம் மாமா" என்று சொல்லிவிட்டு, ஊசிக்குப் புது டேப் சுற்றி, நான் போட்ட உறையின் கோணல் ரிவெட்டில் வைத்தேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி பவி