மாடி அறைக்கு மஞ்சள்

அன்பு மகளுக்கு,

எங்கள் நூலகத்து எழுத்துக் குழுவில் ஒருவர் எழுதியதைப் பக்கத்தில் இருப்பவர்தான் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் விளக்கம் சொல்லியே நேரத்தைத் தின்றதால் நான் கொண்டுவந்த விதி இது.

இந்தச் சனிக்கிழமை என் கட்டுரையை பியூட்டி பார்லர் நடத்தும் பெண் வாசித்தாள். எவ்வளவு அழகாக வாசிக்கிறாள், தெரியுமா! ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. என் கான்வென்ட் சிஸ்டர்கள் கேட்டிருந்தால் அவளை முதல் வரிசையில் உட்காரவைத்திருப்பார்கள். மாடி அறைக்கு பெயிண்ட் அடித்த கதையைத்தான் எழுதியிருந்தேன். பெயிண்டரை நான் திட்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்காமல் தாளைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, அந்த ரூமுக்கு யார் வரப்போறாங்கன்னு எழுதவே இல்லையே?"

நான் பேச வாயெடுத்தேன். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் கையைத் தூக்கிவிட்டார். "மேடம், நீங்க போட்ட ரூல்தான். மூச்!"

அத்தனை பேரில் அவளுக்கு மட்டும்தான் அது கண்ணில் பட்டது. கெட்டிக்காரி.

அப்பா போன பிறகு நீ இந்த வீட்டுப் படியேறவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வராது. ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி.

கல்லூரி நாட்களில் நீ கேட்டு நான் மறுத்த அதே மஞ்சள்தான் அடித்திருக்கிறேன். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நீ வந்து பார். மனதில் இருப்பதையெல்லாம் சொல். சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

அம்மா